கம்ப்யூட்டர் உயிரை விட்டால்: முதலில் ஃபைல், அப்புறம்தான் புது மெஷின்

வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு நாள் திடீரென்று ஆன் ஆகவில்லை என்றால், பதற்றத்தில் நாம் செய்கிற முதல் வேலையே பெரும்பாலும் தப்பாகப் போய்விடுகிறது. பக்கத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய் "எப்படியாவது ஓட வைத்துக் கொடுங்கள்" என்கிறோம், கடைக்காரரும் சொன்னதைச் செய்கிறார், அதாவது டிஸ்க்கை ஃபார்மட் அடித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுப் பளிச்சென்று ஓடுகிற மெஷினைத் திருப்பிக் கொடுக்கிறார். அதில் பிள்ளைகளின் பழைய போட்டோ ஒன்றுகூட இருக்காது. அவரைக் குறை சொல்லவும் முடியாது, நாம் கேட்டது மெஷினை ஓட வைக்கத்தானே.

அதனால் ஒன்றை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஃபைல்கள் எல்லாப் பாகங்களும் மாட்டியிருக்கிற மதர்போர்டிலோ, அதில் செருகியிருக்கிற ராம் அட்டையிலோ இல்லை, டிஸ்க்கில் இருக்கின்றன. மெஷின் செத்த பத்துத் தடவையில் பல தடவை டிஸ்க் நன்றாகத்தான் இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி, உள்ளே இருப்பதை வேறு இடத்தில் காப்பி எடுத்து முடிக்கும் வரை ரிப்பேர், விண்டோஸ், புது மெஷின் எதைப் பற்றியும் யோசிக்க வேண்டாம்.

உண்மையிலேயே செத்ததா?

இதற்கு அரை மணி நேரம் செலவழிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். யூபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டு நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகிப் பாருங்கள். பேட்டரி போன யூபிஎஸ்தான் குற்றவாளி என்பது நம் வீடுகளில் அடிக்கடி நடப்பது. டெஸ்க்டாப் என்றால் பின்பக்கம் எஸ்எம்பிஎஸ் எனப்படும் பவர் பெட்டியின் மேல் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும், துடைக்கும்போது யாராவது தட்டி அணைத்திருக்கலாம். அடுத்து, கேபிளைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து, மறுபடி செருகிப் பாருங்கள். இந்த ஒன்றுக்கே பல மெஷின்கள் எழுந்துகொள்ளும், குறிப்பாக லேப்டாப்கள்.

ஃபேன் சுற்றுகிறது ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை என்றால் ராமைக் கழற்றி, தங்க நிறப் பட்டையை மெதுவாகத் துடைத்து, 'டக்' என்று இரண்டு பக்கமும் பூட்டிக்கொள்கிற மாதிரி மறுபடி செருகிப் பாருங்கள். ஃபேன்கூடச் சுற்றவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் போயிருக்க வாய்ப்பு அதிகம். இடி மின்னலுக்குப் பிறகோ, கரண்ட் போய்ப் போய் வந்த நாளிலோ மெஷின் நின்றிருந்தால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். கடையில் வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை மாட்டிப் பார்க்கச் சொன்னால் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். மதர்போர்டோடு ஒப்பிட்டால் அது மிகவும் மலிவான ரிப்பேர். லேப்டாப்பில் விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் எச்டிஎம்ஐ கேபிளில் டிவியோடு இணைத்துப் பாருங்கள். டிவியில் படம் வந்தால் செத்தது திரைதான். அப்படியே உட்கார்ந்து எல்லாவற்றையும் காப்பி எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொரு வகை இருக்கிறது. மெஷின் ஆன் ஆகும், ஆனால் விண்டோஸ் ஏறாது. நீலத்திரை வரும், அல்லது தன்னைத் தானே ரிப்பேர் செய்கிறேன் என்று சொல்லிச் சொல்லித் திரும்ப அதே இடத்துக்கு வரும். அப்போது வருகிற மெனுவில் கம்ப்யூட்டரை ரீசெட் செய்கிற பட்டன் ஒன்று இருக்கும், அதை மட்டும் தொடாதீர்கள். ஃபைல்களை வைத்துக்கொள்கிறேன் என்று அது சொன்னாலும், டிஸ்க்கே பழுதாகிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் கிகாபைட் கணக்கில் எழுத விடுவது புண்ணில் குத்துகிற வேலை.

டிஸ்க்கைக் கழற்றுவது

பலருக்கும் பயம் இங்கேதான். பயப்பட ஒன்றும் இல்லை, ஒரு பிளஸ் ஸ்குரூ டிரைவர் போதும். டெஸ்க்டாப்பை மின்சாரத்திலிருந்து முழுக்க விடுவித்து, மேஜை மேல் படுக்க வையுங்கள். முன்னால் நின்று பார்த்தால் பெரும்பாலும் இடது பக்கத் தகடுதான் திறக்கும். பின்பக்கம் இரண்டு ஸ்குரூவைக் கழற்றி, தகட்டைப் பின்னால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வரும். உள்ளே கை வைக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒரு தடவை தொட்டுக்கொள்ளுங்கள், உடம்பில் இருக்கிற நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

ஹார்ட் டிஸ்க் என்பது உள்ளங்கை அளவு கனமான உலோகப் பெட்டி. அதில் இரண்டு கேபிள் மாட்டியிருக்கும்: மெல்லிய பட்டையான டேட்டா கேபிள் ஒன்று, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து வருகிற அகலமான பவர் கேபிள் ஒன்று. வயரைப் பிடித்து இழுக்காமல் பிளாஸ்டிக் தலையைப் பிடித்து நேராக வெளியே எடுங்கள். டேட்டா கேபிளின் தலையில் சின்ன உலோக கிளிப் இருந்தால் அதை அழுத்திக்கொண்டே இழுக்க வேண்டும். அழுத்தாமல் இழுத்தால் டிஸ்க்கில் இருக்கிற பிளாஸ்டிக் முனையே உடைந்துவிடும், அப்புறம் அதற்குத் தனிச் செலவு. பக்கவாட்டில் நான்கு ஸ்குரூ, கழற்றினால் கையோடு வரும். ஸ்குரூக்களை ஒரு கிண்ணத்தில் போட்டு வையுங்கள்.

எஸ்எஸ்டி என்றால், அதாவது சுற்றுகிற தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கிற டிஸ்க் என்றால், இரண்டு வடிவம். ஒன்று மெல்லிய செவ்வகப் பெட்டி, மாட்டியிருப்பது அதே இரண்டு கேபிள்தான். மற்றொன்று எம்.2 எனப்படும் விரல் நீளப் பட்டை, மதர்போர்டில் படுத்துக்கொண்டிருக்கும், நுனியில் ஒரே ஒரு குட்டி ஸ்குரூ. அதைக் கழற்றியதும் பட்டை தானாகச் சாய்வாக எழும்பும், அந்தச் சாய்விலேயே இழுத்தால் வந்துவிடும். கொஞ்ச வருஷம் முன்னால் கட்டிய மெஷின்களில் விண்டோஸுக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டியும் போட்டோ, வீடியோவுக்கு ஒரு பெரிய ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே இருக்கும். ஒன்று கிடைத்ததும் மூடிவிடாமல் இரண்டாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

லேப்டாப்பில் அடிமூடியைக் கழற்றியதும் முதலில் பேட்டரி கனெக்டரை விடுவித்துவிட்டு அப்புறம்தான் மற்றதைத் தொட வேண்டும். சில மெஷின்களில் டிஸ்க் தனியாகவே இருக்காது. சமீபத்திய மேக்புக்குகளிலும், விலை குறைந்த சில குட்டி லேப்டாப்களிலும் சேமிப்பு சிப் மதர்போர்டிலேயே ஒட்டப்பட்டிருக்கும். அவற்றை வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது "எனக்கு டேட்டா வேண்டும், போர்டை மாற்றாதீர்கள்" என்று ஜாப் ஷீட்டில் எழுத வைத்துவிட்டுக் கொடுங்கள். வாயால் சொன்னது போதாது.

வேறு மெஷினில் மாட்டுவது

கழற்றிய டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரின் யூஎஸ்பியில் மாட்ட ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். லேப்டாப் டிஸ்க், பெட்டி வடிவ எஸ்எஸ்டி இவற்றுக்கு சாட்டா-யூஎஸ்பி கேபிள் (சாட்டா என்பது டிஸ்க்கில் இருக்கிற இணைப்பு முனையின் பெயர்) போதும், யூஎஸ்பி தருகிற 5 வோல்ட்டிலேயே ஓடிவிடும். டெஸ்க்டாப்பின் பெரிய 3.5 இஞ்ச் டிஸ்க்குக்கு 12 வோல்ட் வேண்டும், ஆகவே தனி அடாப்டரோடு வருகிற டாக் (டிஸ்க்கைச் செருகுகிற ஸ்டாண்ட்) வாங்குங்கள். இது தெரியாமல் சின்ன கேபிளில் பெரிய டிஸ்க்கை மாட்டிவிட்டு, அது சுற்றாததைப் பார்த்து டிஸ்க்கே போச்சு என்று முடிவுகட்டுகிறவர்கள் உண்டு. எம்.2 பட்டையில் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு ரகம், பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டையும் ஏற்கிற என்க்ளோஷர் (யூஎஸ்பி உறை) என்று கேட்டு வாங்கிவிட்டால் குழப்பம் இல்லை. 2000-களின் தொடக்கத்து மெஷின் என்றால் அகல ரிப்பன் கேபிள் போட்ட ஐடிஇ டிஸ்க்காக இருக்கும், அதற்கும் கன்வெர்ட்டர் கிடைக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி ஸ்ட்ரீட்டில் டிஸ்க்கையே கையில் கொண்டுபோய்க் காட்டி வாங்கிவிடலாம். மற்ற ஊர்க்காரர்கள் டிஸ்க்கின் லேபிளைப் போட்டோ எடுத்துக் கடைக்கு அனுப்பிக் கேளுங்கள்.

மாட்டியதும் விண்டோஸ் சில கேள்விகள் கேட்கும். ஃபைல்களைத் தொலைப்பது பலர் இந்த இடத்தில்தான், ஆகவே நிதானமாகப் படியுங்கள். இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும் என்று ஒரு பெட்டி வந்தால் கேன்சல். டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா என்றாலும் கேன்சல். ஸ்கேன் செய்து சரிசெய்யவா என்றால் இப்போதைக்கு வேண்டாம். பழைய யூசர் ஃபோல்டரைத் திறக்கும்போது உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தால் மட்டும் கன்டினியூ கொடுக்கலாம், அதில் ஆபத்து இல்லை, ஃபைல் நிறைய இருந்தால் பச்சைக்கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும், காத்திருங்கள்.

பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி, கீ கேட்டால்? நான் எந்தக் காலத்திலும் அதைப் போடவே இல்லையே என்று தோன்றும். விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு உள்ளே நுழைந்தாலே பல மெஷின்களில் டிஸ்க் தானாக என்கிரிப்ட் ஆகிவிடுகிறது. அதன் பூட்டு பழைய மதர்போர்டில் இருக்கிற டிபிஎம் சிப்போடு கட்டப்பட்டது, அதனால்தான் டிஸ்க்கை வெளியே எடுத்ததும் கேட்கிறது. உங்கள் தினசரி பின் நம்பர் இங்கே செல்லாது, 48 இலக்க ரெக்கவரி கீ வேண்டும். போனிலேயே மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் பக்கத்தில் நுழைந்து, டிவைஸ் பகுதியில் பாருங்கள், கீ அங்கே சேமித்திருக்கும். திரையில் காட்டுகிற கீ ஐடியும் அங்கே இருக்கிற ஐடியும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினை முதன்முதலில் செட்டப் செய்தது மகனோ, மருமகளோ, கடைப் பையனோ என்றால் கீ அவர்கள் அக்கவுன்ட்டில் இருக்கும், கேட்டுப் பாருங்கள். கீ எங்கேயுமே இல்லை என்றால் எந்த லேபும் திறந்து தர முடியாது. திறந்து தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள்.

சத்தம் கேட்டால் நிறுத்துங்கள்

ஹார்ட் டிஸ்க்கை மாட்டியதும் காதை அருகில் வைத்துக் கேளுங்கள். சீராக ஒரு ரீங்காரம் வந்தால் நல்லது. 'டிக்... டிக்... டிக்' என்று ஒரே இடைவெளியில் தட்டிக்கொண்டே இருந்தால் உள்ளே இருக்கிற தட்டைப் படிக்கிற ரீட் ஹெட் பழுது, உடனே பவரைப் பிடுங்குங்கள். அந்த நிலையில் ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் தட்டின் மேல்பரப்பு சுரண்டப்படலாம், சுரண்டப்பட்டது திரும்பாது. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். மூடியைத் திறந்து பார்ப்பதும் கூடாது. தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளி கண்ணுக்குத் தெரியாத தூசியைவிடக் குறைவு. இதற்குத் தூசியில்லாத அறை வைத்திருக்கிற டேட்டா ரெக்கவரி லேப்தான் வழி, செலவு ஆயிரங்களில் தொடங்கிப் பெரிதாகப் போகும். ஃபைல் மீளாவிட்டால் காசு உண்டா இல்லையா, டயக்னாஸ்டிக் கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

சத்தம் இல்லை, ஆனால் காப்பி எறும்பு மாதிரி நகர்கிறது, நடுநடுவே நின்றுவிடுகிறது என்றால் டிஸ்க்கில் கெட்ட செக்டார்கள், அதாவது படிக்க முடியாமல் போன பகுதிகள், சேர்ந்திருக்கின்றன. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்கிற இலவச மென்பொருள் டிஸ்க்கின் உடல்நிலையை நிறத்தில் காட்டும். மஞ்சளோ சிவப்போ வந்தால் முழு ஃபோல்டரையும் இழுக்காமல், திரும்பக் கிடைக்காத ஃபைல்களை மட்டும் முதலில் எடுங்கள். லினக்ஸ் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் டிடிரெஸ்க்யூ என்கிற மென்பொருள் கொண்டு டிஸ்க் முழுவதையும் வேறொரு டிஸ்க்கில் இமேஜ் (அப்படியே முழு நகல்) எடுத்துத் தரச் சொல்லுங்கள். அது நல்ல பகுதியை முதலில் வேகமாக அள்ளிவிட்டு, கெட்ட பகுதிக்குக் கடைசியில்தான் வரும், தளர்ந்த டிஸ்க்குக்கு அதுதான் சரியான முறை.

டிஸ்க் நன்றாக இருக்கிறது, நீங்களே அழித்துவிட்ட அல்லது யாரோ ஃபார்மட் அடித்த ஃபைல்கள்தான் வேண்டும் என்றால் போட்டோரெக் என்கிற இலவச மென்பொருளைப் பாருங்கள். மீட்ட ஃபைல்களை அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள். ஃபைல் பெயர்கள் திரும்பாது, உட்கார்ந்து பிரிக்க வேண்டியிருக்கும். இது ஹார்ட் டிஸ்க்குக்குத்தான். எஸ்எஸ்டியில் டிரிம் என்கிற வசதி அழித்த இடத்தைச் சீக்கிரமே துடைத்துவிடும், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

எதையெல்லாம் எடுப்பது

நம் ஊர் அசெம்பிள் மெஷின்களில் சி, டி, இ என்று பிரித்துக் கொடுப்பது வழக்கம், பலர் எல்லாவற்றையும் டி டிரைவில் போட்டு வைத்திருப்பார்கள். அதை மட்டும் எடுத்துவிட்டு சி டிரைவை விட்டுவிடுகிறார்கள். டெஸ்க்டாப் திரையில் போட்டு வைத்ததும், டவுன்லோடும், டாக்குமென்ட்ஸும் சி டிரைவின் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கின்றன. ஒன்டிரைவ் என்று ஒரு ஃபோல்டர் அதற்குள் இருந்தால் டெஸ்க்டாப்பும் டாக்குமென்ட்ஸும் அதற்குள் போயிருக்கலாம். இடம் இருந்தால் அந்த யூசர் ஃபோல்டரை முழுசாகவே எடுத்துவிடுங்கள், அதற்குள் மறைந்திருக்கிற ஆப்டேட்டா ஃபோல்டர் உட்பட. ஃபயர்ஃபாக்ஸ் ப்ரொஃபைல், தண்டர்பேர்ட் மெயில் எல்லாம் அங்கேதான் இருக்கும். குரோம் பாஸ்வேர்டுகள் மட்டும் காப்பி எடுத்தாலும் வேறு மெஷினில் திறக்காது. கூகுள் அக்கவுன்ட்டில் சிங்க் போட்டிருந்தால் அங்கேயே இருக்கும். அவுட்லுக் பயன்படுத்தியவர்கள் பிஎஸ்டி என்று முடிகிற ஃபைல்களைத் தேடி எடுங்கள். டேலி போட்டவர்கள் அதன் டேட்டா ஃபோல்டரை, உள்ளே இருக்கிற எண் பெயர் கொண்ட ஃபோல்டர்களோடு சேர்த்து, அப்படியே எடுக்க வேண்டும்.

தமிழில் எழுதுகிறவர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று: விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கிற ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் காப்பி எடுங்கள். யூனிகோடு பரவலாவதற்கு முன் நாம் பாமினியிலும், வானவில் அவ்வையாரிலும், ஸ்ரீலிபியிலும், டிஸ்கியிலும் என்று பழைய தமிழ் ஃபான்ட்களில் அடித்துத் தள்ளியிருக்கிறோம். அந்த வேர்ட் ஃபைலை, பேஜ்மேக்கர் ஃபைலைப் புது மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த கிறுக்கலாகத்தான் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். அந்த ஃபான்ட்டை மட்டும் நிறுவினால் தமிழ் அப்படியே எழுந்து நிற்கும், அப்புறம் என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரியான ஒன்றில் போட்டு யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம். கோயில் மலர், குடும்ப மரம், அப்பா எழுதி வைத்த கணக்கு என்று எத்தனையோ விஷயம் இந்த எழுத்துருக்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது, அந்தப் பழைய சி டிரைவ்தான் அதற்கு ஒரே சாவியாக இருக்கக்கூடும்.

காப்பி எடுக்க டெராகாப்பி என்கிற மென்பொருள் நல்லது, ஒரு ஃபைல் கெட்டிருந்தால் அதைத் தாண்டிவிட்டு மற்றதை எடுக்கும், முடிந்ததும் சரிபார்க்கவும் செய்யும். பென் டிரைவில் எடுக்கிறீர்கள், 4 ஜிபிக்கு மேற்பட்ட கல்யாண வீடியோ மட்டும் ஏறவில்லை என்றால் பென் டிரைவ் எஃப்ஏடி32 வடிவில் இருக்கிறது. அதை எக்ஸ்ஃபேட் ஆக்கிவிட்டுப் போடுங்கள், ஆக்கும் முன் அதில் இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் ஃபைல் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதா பாருங்கள், சில போட்டோவையும் பிடிஎஃப்பையும் உண்மையிலேயே திறந்து பாருங்கள். இந்தக் காப்பியை இன்னொரு டிஸ்க்கிலும் போட்டுவிட்டால் இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கலாம்.

இனி புது மெஷின்

வீட்டு உபயோகத்துக்கு எஸ்எஸ்டி கட்டாயம். ராம் 8 ஜிபி போதும், 16 இருந்தால் பல வருஷம் கவலை இல்லை. அதற்கு மேல் புராசஸருக்குக் கொட்டிக் கொடுப்பதைவிட அந்தப் பணத்தில் ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கும் ஒரு நல்ல யூபிஎஸ்ஸும் வாங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. கம்பெனிகளிலிருந்து வருகிற ரீஃபர்பிஷ்டு ஆப்டிபிளெக்ஸ், எலைட்டெஸ்க், திங்க்சென்டர் மெஷின்கள் உழைப்பானவை, ஆனால் இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இருந்தால் வாங்காதீர்கள். விண்டோஸ் 11 அதற்குக் கீழே அதிகாரபூர்வமாக ஏறாது, விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அந்த மெஷின்களில் பல மாடல்களுக்கு எஸ்எம்பிஎஸ் தனி வடிவம், சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது, அதன் ஸ்பேர் உங்கள் ஊரில் கிடைக்குமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பழைய மானிட்டரையே வைத்துக்கொள்ளப் போகிறீர்கள் என்றால் பின்பக்கத்தைப் பாருங்கள். அதில் விஜிஏ மட்டும் இருந்து புதுசில் எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் கன்வெர்ட்டர் வேண்டியிருக்கும்.

பழைய மெஷினோடு வந்த விண்டோஸ் லைசென்ஸ் பெரும்பாலும் அந்த மதர்போர்டோடேயே போய்விடும். தனியாகக் கடையில் வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸ் என்றால் புதுசுக்கு மாற்றலாம். மென்பொருள்களைப் பழைய ப்ரோக்ராம் ஃபைல்ஸிலிருந்து இழுத்துப் போட்டால் ஓடாது, ஒவ்வொன்றையும் புதிதாக நிறுவ வேண்டும். தமிழ் 99 விசைப்பலகை இப்போது விண்டோஸிலேயே இருக்கிறது, லாங்குவேஜ் செட்டிங்கில் தமிழைச் சேர்த்தால் போதும். பிட்லாக்கர் கீயை முதல் நாளே தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.

பழைய டிஸ்க்கை உடனே தூக்கிப் போடாதீர்கள். எதையோ எடுக்க மறந்தது இரண்டு மாசம் கழித்துத்தான் நினைவுக்கு வரும், வருமான வரி தாக்கல் செய்கிற சமயத்தில் பெரும்பாலும் வரும். ஒரு வருஷம் அலமாரியில் இருக்கட்டும். அதன்பிறகு கொடுப்பதாக இருந்தால் துடைத்துவிட்டுக் கொடுங்கள். குயிக் ஃபார்மட் எதையும் துடைக்காது, அந்த டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் போட வேண்டும், பெரிய ஹார்ட் டிஸ்க் என்றால் பல மணி நேரம் ஓடும். எஸ்எஸ்டிக்கு அதைத் தயாரித்த கம்பெனியின் மென்பொருளில் செக்யூர் இரேஸ் என்று இருக்கும். ஓடவே ஓடாத ஹார்ட் டிஸ்க் என்றால் மூடியைக் கழற்றி உள்ளே இருக்கிற தட்டில் ஆணியால் ஆழமாக நான்கு கோடு கிழித்துவிட்டு இ-வேஸ்ட் எடுப்பவரிடம் கொடுங்கள். சில தட்டுகள் கண்ணாடியால் ஆனவை, நொறுங்கித் தெறிக்கும், ஆகவே ஒரு பழைய துணியில் சுற்றிக்கொண்டு செய்யுங்கள்.